பாளையங்கோட்டை மாப்பிள்ளையும் நான்கு தோழர்களும்: 1936-ஆம் ஆண்டுப் படத்தை வைத்து அமைத்த திருமண உடைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எழுதப்போவது பாளையங்கோட்டையில் மே மாதம் நடந்த ஒரு கிறிஸ்தவத் திருமணத்தைப் பற்றி. மணமகனுக்கும் அவருடைய நான்கு தோழர்களுக்கும் 1930-களின் பாணியில் உடை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

'விண்டேஜ்' என்று சொல்லி இப்போது மாப்பிள்ளைகளுக்கு விற்பதில் பெரும்பகுதி ஒரு நிறமும் சில சாமான்களும்தான். பிரவுன் வெயிஸ்ட்கோட்டு, போ டை, சஸ்பெண்டர், தட்டைத் தொப்பி. இவற்றைப் போட்டுக்கொண்டு நின்றால் வேஷம் கட்டியது போல இருக்கிறதே தவிர, தாத்தா காலத்துப் படத்தில் உள்ளவர்களின் கம்பீரம் வருவதில்லை. அந்தக் கம்பீரம் வெட்டில் இருக்கிறது, துணியின் எடையில் இருக்கிறது, பேண்ட் உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. இந்தத் திருமண வேலையில் இதைப் படிப்படியாகப் பார்க்க முடிந்தது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

கையில் இருந்தவை

மணமகன் சென்னையில் வேலை பார்ப்பவர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் படம் பாளையங்கோட்டை வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கீழே அட்டையில் மையால் 1936 என்று எழுதியிருக்கிறார்கள். நாற்காலியில் டபுள் பிரெஸ்ட் கோட்டும் (முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இரண்டு வரிசைப் பட்டன் வைத்தது) டையுமாக மாப்பிள்ளை, பக்கத்தில் பெண், பின்னால் நான்கு இளைஞர்கள். "இதே மாதிரி நானும் என் பிரண்ட்ஸ் நாலு பேரும் நிக்கணும்" என்பதுதான் மணமகன் கேட்டது.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் ஓர் இணையக் கடையில் ஐந்து செட் வாங்கியிருந்தார். ஐந்தும் ஒரே மாதிரி. பழுப்பு நிற பாலியஸ்டர் வெயிஸ்ட்கோட்டு, ஒட்டினாற்போல் பேண்ட், கிளிப் வைத்த சஸ்பெண்டர், தொப்பி. போட்டுப் பார்த்தபோது கோளாறு எங்கே என்று உடனே தெரிந்தது. பேண்ட் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கிறது. வெயிஸ்ட்கோட்டு அதற்கு மேலே முடிந்துவிடுகிறது. நடுவில் சட்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பிதுங்குகிறது. சஸ்பெண்டர் பேண்டைத் தாங்குவதற்குப் பதிலாக இழுக்கிறது, கிளிப் கடித்த இடத்தில் துணி கூம்புகிறது. சஸ்பெண்டர் என்பது தொப்புளுக்கு நேராக நிற்கும் தளர்ந்த பேண்டைத் தோளிலிருந்து தொங்கவிடுவதற்காக வந்த பொருள். இறுக்கமான, இறங்கிய பேண்டில் அதற்கு வேலையே இல்லை.

அந்த ஐந்து செட்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினோம்.

படத்தை வாசித்த விதம்

பழைய படத்தைப் பார்த்து உடை தைக்க நினைப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது நிறத்தில். படம் பழுப்பாக இருக்கிறது, ஆகவே உடையும் பழுப்பாக இருந்திருக்கும் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பழுப்பு, படத்தாளுக்கு நிறமேற்றச் செய்த டோனிங்கிலிருந்தும் அதன் வயதிலிருந்தும் வந்தது. கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இணையத்தில் வாங்கிய ஐந்து செட்டும் பழுப்பாக இருந்ததற்கு இந்த மயக்கமே காரணம்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 1930-களில் ஊர்ப்புறத்து ஸ்டுடியோக்களில் ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகள் புழக்கத்தில் இருந்தன. எல்லா நிறங்களையும் உணரக்கூடிய பான்குரோமேட்டிக் ஃபிலிம் அதற்குள் வந்துவிட்டது. ஆனாலும் ஆர்த்தோ தகட்டைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பதால் பலர் அதை விடவில்லை. அந்தத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புத் துணி படத்தில் ஏறக்குறைய கறுப்பாகவே விழும். நீலமோ நேரில் இருப்பதைவிட வெளிறி விழும். கறுப்பாகத் தெரியும் தலைப்பாகை அரக்குச் சிவப்பாக இருந்திருக்கலாம். நடுத்தரச் சாம்பலாகத் தெரியும் கோட்டு நல்ல நீலமாக இருந்திருக்கலாம்.

எங்கள் படம் எந்த வகை? பெண்ணின் உதடு மையிட்டது போலக் கறுத்திருந்தது. எல்லோருடைய முகமும் கையும் அந்த வீட்டார் நிறத்தைவிட நன்றாகவே கறுத்து விழுந்திருந்தன. இரண்டும் ஆர்த்தோ தகட்டின் அடையாளங்கள். ஆகவே மாப்பிள்ளையின் சாம்பல் கோட்டைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டியிருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் மணமகனின் பாட்டி. படத்தில் இருப்பவர்களின் மகள். எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிறத்தைப் பற்றி நான் எதையும் எடுத்துக்கொடுக்காமல், "ஆச்சி, இந்தக் கோட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாக்காம என்ன? நீலக் கோட்டுல்லா அது. பெட்டியில ரொம்ப நாள் கெடந்துச்சு. சண்டைக் காலத்துல துணியே கெடைக்கலன்னு அதைப் பிரிச்சு எங்க தம்பிக்குக் கால்சட்டை தைச்சாங்க."

அவர் சொன்ன சண்டை இரண்டாம் உலகப் போர். துணிப் பஞ்சம் முற்றி 1943-இல் அரசாங்கம் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பழைய கோட்டைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தைப்பது அந்த ஆண்டுகளில் பல வீடுகளில் நடந்திருக்கும். அந்தக் காலத்துக் கல்யாணக் கோட்டுகள் நம் வீடுகளில் அதிகம் மிஞ்சாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிறம் முடிவானது. அடுத்தது அளவு. படத்திலிருந்து அங்குலக் கணக்கு எடுக்க முடியாது, விகிதம் எடுக்கலாம். மாப்பிள்ளையின் தலை உயரத்தை ஓர் அலகாக வைத்துக்கொண்டு தோள் அகலம், லேபல் (கோட்டின் மார்பில் இருபுறமும் மடிந்து விழும் பகுதி) அகலம், கோட்டு பட்டன் விழும் உயரம், பேண்ட் கால் அகலம் எல்லாவற்றையும் குறித்தோம். லேபல் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே பாதித் தூரத்தைத் தாண்டி நின்றது, முனை மேல்நோக்கிக் கூர்ந்திருந்தது. பேண்ட் காலின் கீழ் விளிம்பு ஷூவில் முக்கால்வாசியை மூடியது. டையின் முடிச்சு சின்னஞ்சிறியது. மாஸ்டர் – எங்கள் கட்டிங் மாஸ்டர் 1970-களில் தொழிலுக்கு வந்தவர் – படத்தைப் பார்த்ததுமே விரலை வைத்த இடம் மார்பு. கைக்குழிக்குப் பக்கத்தில் கோட்டுத் துணியில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய மடிப்பு தெரிந்தது. இன்றைய கடைக்காரர் அதைப் பார்த்தால் அளவு தப்பிவிட்டது என்று இழுத்துத் தைத்துவிடுவார். அது தப்பு அல்ல, வேண்டுமென்றே விட்டது.

லண்டனில் ஃபிரெடெரிக் ஷோல்ட்டி என்ற தையற்கலைஞர், ராணுவ அதிகாரிகளின் பெரிய மேலங்கிகள் மார்பில் நிறைந்தும் இடுப்பில் ஒடுங்கியும் நிற்பதைப் பார்த்து, சாதாரணக் கோட்டிலும் மார்புக்குக் கூடுதல் துணி விட்டு வெட்டினார். அவருடைய முக்கியமான வாடிக்கையாளர், பின்னால் எட்டாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர். அவர் பட்டத்துக்கு வந்ததும் முடி துறந்ததும் இந்தப் படம் எடுத்த அதே 1936-இல்தான். அவர் போட்ட உடையை உலகமே பார்த்துத் தைத்துக்கொண்ட காலம் அது. அந்த வெட்டின் சாயல் பாளையங்கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்திருப்பதை இந்த ஒரு மடிப்பில் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையின் கோட்டு

துணியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. 1930-களில் ஆங்கிலேயக் கம்பளிச் சூட் துணி ஒரு கெஜம் 16 அவுன்ஸுக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 500 கிராம். இன்று கடையில் எடுத்துப் போடுவது 250, 280 கிராம். அந்தக் காலத்துப் பேண்ட் கால் ஒரே நேர்க்கோட்டில் விழுந்து நிற்பதற்குக் காரணம் இந்த எடை. மெல்லிய துணியில் அகலமான கால் வைத்துத் தைத்தால் நடக்கும்போது காற்றடித்த பைஜாமா மாதிரி ஆடும்.

ஆனால் கல்யாணம் பாளையங்கோட்டையில், மே மாதம், அதுவும் ஏ.சி. இல்லாத கோயிலில். 500 கிராம் கம்பளியைப் போடச் சொல்வது கொடுமை. பாலியஸ்டர் கலந்த டெரிவூல் மெலிசாக இருந்தாலும் வியர்வையை உள்ளேயே அடைக்கும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஆகவே கம்பளியே வேண்டும், ஆனால் காற்று புகும் நெசவு வேண்டும். முறுக்கு அதிகமான நூலில், கண் விட்டு, சாதா நெசவாக நெய்த கம்பளி இதற்கென்றே இருக்கிறது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டின் மார்ட்டின் சன்ஸ் ஆலை 1907-இல் 'ஃப்ரெஸ்கோ' என்ற பெயரில் பதிவு செய்த வகை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சல்லடை போலத் தெரியும், கசக்கி விட்டால் தானாக நிமிரும். மீட்டர் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீலத்தில் அதை எடுத்தோம். நேர்த்தியாக விழும் எடையும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் என் அனுபவத்தில் இதுதான். டபுள் பிரெஸ்ட் கோட்டுக்கும் பேண்டுக்கும் சேர்த்து மூன்றரை மீட்டர்.

மணமகனுக்கு மெல்லிய கோடு போட்ட துணியில் ஆசை இருந்தது. நெருக்கமான சின்னக் கோடுகள் வீடியோவில் அலையலையாக மினுங்கும். நான்கு கேமரா சுற்றி நிற்கிற கல்யாணத்தில் அது வேண்டாம் என்று சொல்லி வெறும் நீலத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

உள்ளே ஒட்டுப்பசை ஃபியூசிங் கிடையாது. குதிரைவால் மயிர் கலந்த கேன்வாஸை மார்புக்குள் வைத்து, லேபலைக் கையால் ஓட்டித் தைத்தார் மாஸ்டர். இந்த இடத்தில் காசைக் குறைக்கவே கூடாது. ஃபியூசிங் போட்ட லேபல் அட்டை மாதிரிப் படிந்து கிடக்கும். கேன்வாஸ் லேபல் பட்டன் இருக்கும் இடத்திலிருந்து மெதுவாகச் சுருண்டு எழும். பழைய படங்களில் கோட்டுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றுவது பாதி இந்தச் சுருளால். லைனிங் பாதி மட்டும், அதுவும் பஞ்சுக் கழிவிலிருந்து எடுக்கும் கப்ரோவில். முதுகின் கீழ்ப்பாதியை லைனிங் இல்லாமல் விட்டோம். இப்படிக் கையால் தைக்கும் கோட்டும் பேண்டும் முடிய 50 மணி நேரத்துக்கு மேல் வேலை பிடிக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து கேட்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கஷ்டம்.

"கோட்டு தோள்ல நிக்கணும் தம்பி, பட்டன்ல நிக்கக் கூடாது" என்று டிரையலின்போது மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு பட்டன், அதில் இரண்டு பூட்டுவது. பூட்டாமல் தோளில் போட்ட நிலையிலேயே முன்பக்கம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காஜா குறித்தார். படத்தில் கோட்டுக்குள் வெயிஸ்ட்கோட்டு இருந்ததா என்று தெரியவில்லை. டபுள் பிரெஸ்ட் கோட்டு எப்போதும் பூட்டியே இருக்கும், உள்ளே எதுவும் வெளித் தெரியாது. வெயிலை நினைத்து வெயிஸ்ட்கோட்டை விட்டோம். யாருக்கும் குறை தெரியவில்லை.

பேண்டில்தான் மணமகன் தயங்கினார். இடுப்பு தொப்புளுக்கு நேராக, முன்னால் இரண்டு பிளீட் மடிப்பு, கீழே மடித்த டர்ன் அப், சஸ்பெண்டருக்கு உள்பக்கம் பட்டன். வழக்கமாக அவர் போடும் பேண்டைவிட முன் உயரம் மூன்று அங்குலம் கூடுதல். கண்ணாடியில் பார்த்து "தாத்தா மாதிரி இருக்குண்ணே" என்றார். கோட்டைப் போட்டதும் பேச்சு மாறியது. கால் நீளமாகத் தெரிந்தது, கோட்டின் ஒடுங்கிய இடுப்பும் பேண்டின் இடுப்பும் ஒரே இடத்தில் கூடின. இந்தப் பாணியில் எல்லாமே இந்த ஒரு இடுப்பு மட்டத்தில்தான் சேர்கிறது. அதை இரண்டு அங்குலம் கீழே இறக்கினால் மேலே எவ்வளவு நல்ல கோட்டு இருந்தாலும் வீண்.

கிறிஸ்தவத் திருமணத்தில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஆசீர்வாதத்தின்போது மணமக்கள் முழங்காலில் நிற்கவேண்டும். ஒட்டிய, இறங்கிய பேண்டோடு மண்டியிட்டுத் தையல் விட்டுப்போன மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிளீட் வைத்த உயர்ந்த பேண்டில் தொடைக்கு இடம் இருக்கிறது. டிரையலின்போது மண்டியிட்டு எழுந்து காட்டச் சொன்னோம். (மண்டியிடும்போது ஷூவின் அடிப்பாகம் சபைக்கு நேராகத் தெரியும். விலை ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள்.)

டை விஷயம் பலருக்குத் தோன்றாது. மூன்று துண்டாக மூலைவாட்டில் வெட்டித் தைக்கும் இன்றைய டை, 1920-களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் காப்புரிமை வாங்கிய அமைப்பு. ஆகவே அமைப்பு பழசுதான். ஆனால் அந்தக் காலத்து டைகள் நீளம் குறைவு, ஏனென்றால் பேண்ட் மேலே இருந்தது. இன்றைய நீள டையை உயர்ந்த பேண்டோடு கட்டினால் நுனி கீழே போய்த் தொங்கும். நான்கைந்து அங்குலம் குறைத்து, உள்ளே பட்டையைக் குறைத்துத் தைத்தோம். முடிச்சு தானாகச் சிறுத்தது.

தோழர்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1936 படத்தில் பின்னால் நிற்கும் நான்கு பேரில் இரண்டு பேர்கூட ஒரே மாதிரி உடுத்தியிருக்கவில்லை. ஒருவர் கழுத்து மூடிய குளோஸ் கோட்டும் வேட்டியும் தலைப்பாகையும். ஒருவர் வேட்டிக்கு மேல் திறந்த கோட்டும் டையும். ஒருவர் ஜிப்பாவும் தோளில் மடித்த அங்கவஸ்திரமும். கடைசியில் நிற்கும் இளையவர் வெள்ளை டிரில் (கனமான பருத்தித் துணி) சூட்.

இதில் ஒரு காலமே நிற்கிறது. வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையும் வக்கீல்களுக்கும் வாத்தியார்களுக்கும் உத்தியோக உடை. பாரதியின் படத்தையும் வ.உ.சி.யின் படத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சேர்க்கை புதிதில்லை. ஜிப்பா போட்டவருடைய துணி சொரசொரப்பாக, கனமாக விழுந்திருந்தது. ஆச்சி அவரைக் "காங்கிரஸ் மாமா" என்றார், அப்படியானால் கதராகத்தான் இருக்கவேண்டும். காந்தி மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறிய பிறகு, கதரா மில் துணியா என்பது ஒரு மனிதர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. சிநேகிதனின் கல்யாணத்துக்கும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சீமைக் கோட்டு, தோழர் கதர், இருவரும் ஒரே படத்தில்.

ஆகவே நான் சொன்னது: ஐந்து பேருக்கும் ஒரே உடை தைத்தால் அது இந்தப் படத்துக்கே எதிரானது. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குப் பொருந்துவதைக் கொடுப்போம். மணமகன் கொஞ்சம் யோசித்தார், போட்டோகிராபர் ஒப்புக்கொள்ளவில்லை. "கலர் கோஆர்டினேஷன் இல்லாம எப்படி சார்?" என்றார். கோட்டில் குத்தும் பூ ஐந்து பேருக்கும் ஒன்று, வேட்டி, ஜிப்பா, சட்டைகளின் வெள்ளை ஒரே சாயல் வெள்ளை, ஷூ எல்லோருக்கும் கறுப்பு. ஒற்றுமைக்கு இது போதும் என்று முடிவு செய்தோம்.

மாப்பிள்ளைத் தோழனுக்குத்தான், அதாவது பெஸ்ட் மேனுக்கு, குளோஸ் கோட்டு. தசர் பட்டில், ஐந்து பட்டன், நிமிர்ந்த காலர், உள்ளே ஒரு ஹூக். வேட்டியோடு போடும் கோட்டுக்கு அளவு எடுப்பதில் பல கடைகளில் ஒரு தவறு நடக்கிறது. பேண்ட் போட்டிருக்கும்போதே அளவெடுத்துவிடுகிறார்கள். வேட்டி இடுப்பில் மடித்துச் சொருகிய இடம் முன்னால் புடைத்து நிற்கும். அன்றைக்குக் கோட்டுப் பட்டன் இழுக்கும், கீழே முன்பக்கம் இரண்டாகப் பிரியும். கல்யாணத்துக்குக் கட்டப்போகிற எட்டு முழ வேட்டியையே கட்டிக்கொண்டு வரச் சொல்லி அளவெடுக்க வேண்டும். நீளமும் அதைப் பார்த்தே: கோட்டின் விளிம்பு தொடையின் நடுவுக்குச் சற்று மேலே வரை வந்தால்தான் வேட்டியின் மடிப்பு விழும் அழகு கெடாது.

தலைப்பாகையைப் பற்றிச் சேகர குருவானவரிடம் (அந்தச் சபையின் போதகர்) முன்பே கேட்டோம். ஆராதனையில் ஆண்கள் தலையை மூடுவது வழக்கமில்லை, மண்டபத்தில் கட்டிக்கொள்ளட்டும் என்றார். சரியான யோசனை. ஆகவே அன்றைக்கு அன்றே தலையில் சுற்றும் எண்ணத்தை விட்டு, அரக்குச் சிவப்பு மல் துணியை அவர் தலை அளவுக்கே கட்டி, தெரியாமல் தையல் போட்டு வைத்தோம். கழற்றலாம், மறுபடி வைக்கலாம். தோழனுக்குத் தலைப்பாகை என்பது யாழ்ப்பாணத்து இந்துத் திருமணங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மாப்பிள்ளையும் தோழனும் தலைப்பாகையோடு சேர்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜோடியின் அழகு தெரியும். நம் பக்கம் அது கழன்று போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரண்டாமவர் பள்ளி ஆசிரியர். வேட்டிக்கு மேல் கோட்டும் டையும் என்றதும் முதலில் கூச்சப்பட்டார். அவருடைய அப்பாவின் 1980-களின் கோட்டு ஒன்று வீட்டில் இருந்தது, சாம்பல் நிறம், அசல் கம்பளி. பழைய கோட்டைத் திருத்தும்போது முதலில் பார்க்கவேண்டியது தோள். தோள் பொருந்தினால் இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் பக்கவாட்டில் ஓர் அங்குலம் பெருக்கவும் செய்யலாம். தோள் பொருந்தாவிட்டால் கோட்டைத் திருப்பிப் பெட்டியில் வைப்பதே நல்லது. இவருக்குத் தோள் அப்படியே பொருந்தியது. தடித்த ஷோல்டர் பேடை எடுத்துவிட்டு மெல்லியது வைத்து, இடுப்பை ஒடுக்கினார் மாஸ்டர். செலவு மிகக் குறைவு, படத்தில் மிக இயல்பாக நின்றவரும் அவரே.

மூன்றாமவருக்குச் சர்வோதய சங்கக் கடையில் எடுத்த கதரில் ஜிப்பா. அங்கவஸ்திரம் தோளில் நிற்க வேண்டுமானால் அதற்கும் எடை வேண்டும். ஒன்பது-ஐந்து மயில்கண் செட்டில் வேட்டி ஒன்பது முழம், அங்கவஸ்திரம் ஐந்து முழம். அந்த ஐந்து முழத்தை நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, இஸ்திரி போட்டு, தோளில் படியும் இடத்தில் உள்பக்கமாக ஒரே ஒரு பின்.

நான்காமவருக்கு டிரில் சூட். சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை ஓடிய காலத்தில் பி அண்ட் சி டிரில் என்றால் பேர் போன துணி. அந்தக் கனத்தில் பருத்தி டிரில் இப்போதும் தேடினால் கிடைக்கிறது. பளீர் வெள்ளை எடுக்கவில்லை. எல்.இ.டி. வெளிச்சத்தில் பளீர் வெள்ளைக் கோட்டு வெறும் வெளிச்சத் திட்டாக விழும், லேபல் எங்கே பாக்கெட் எங்கே என்று தெரியாது. ஒரு சாயல் மங்கிய க்ரீம் எடுத்தோம். பட்டன்களைத் தைக்காமல் வளையம் போட்டு மாட்டினோம். டிரில் கோட்டை வண்ணான் துறைக்குப் போடும்போது பட்டனைக் கழற்றிக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் இருந்த ஏற்பாடு. சலவைக்கு இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை.

பெட்டியில் இருந்த அங்கவஸ்திரம்

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆச்சி பெட்டியிலிருந்து ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய அப்பாவுடையது. அகலச் சரிகைக் கரை. மணமகனுக்கு அதையே போட்டுக்கொள்ள ஆசை. விரித்துப் பார்த்தபோது பல ஆண்டுகளாக ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்பு வழியே பட்டு இற்றுப்போயிருந்தது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி காற்றுப்பட்டுக் கறுத்திருந்தது. பாச்சை உருண்டை ஒட்டிக் கிடந்த ஒரு மூலையில் கறை வேறு.

போடவேண்டாம் என்று சொன்னேன். அப்படி இற்ற பட்டைத் தோளில் போட்டு ஒரு தடவை மாலை மாற்றினால் போதும், நீளவாக்கில் கிழிந்துவிடும். ஆச்சிக்குச் சங்கடமாக இருந்தது, எனக்கும்தான். அதை வெள்ளை மல் துணியில் உருட்டிச் சுற்றி, மடிப்பே விழாமல் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதன் கரை வடிவத்தைப் படம் எடுத்து நெசவாளரிடம் காட்டி, அதற்கு நெருங்கிய கரை உள்ள புது அங்கவஸ்திரம் ஒன்றை வரவேற்புக்கு வாங்கினார்கள்.

திருமண நாளில்

காலை ஆராதனை. மின்விசிறிக் காற்றுதான். மணமகனின் கோட்டுக்குள் சட்டை முதுகில் நனைந்தது, கோட்டுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. லைனிங் இல்லாமல் விட்ட முதுகின் கீழ்ப்பாதி தன் வேலையைச் செய்தது. டிரில் சூட் உட்கார்ந்து எழுந்ததும் கசங்கியது. பருத்தி கசங்கத்தான் செய்யும், 1936 படத்திலும் அந்த இளையவரின் முழங்கைப் பக்கம் கசங்கியே இருக்கிறது.

சிக்கல் வந்தது மாலையால். நம் ஊர்க் கல்யாண மாலை கனமானது, சம்பங்கியும் ரோஜாவும் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரம் லேபலில் இறங்கினால் கேன்வாஸ் ஊறி உருக்குலையும், ரோஜாச் சாறு கறை விடும். மாலைக் கட்டுபவரிடம் உள்பக்கம் மெல்லிய வாழைப்பட்டை வைத்துக் கட்டச் சொல்லியிருந்தோம், தண்ணீரை உதறிவிட்டுக் கொடுக்கவும் சொல்லியிருந்தோம். முதல் மாலை அப்படியே வந்தது. மண்டபத்தில் உறவினர்கள் போட்ட மாலைகளுக்கு யார் சொல்வது? பெஸ்ட் மேன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் இடது லேபலில் உள்ளங்கை அளவு ஈரம் இறங்கிவிட்டது. மறுநாள் அதை நிழலில் ஹேங்கரில் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு ஈரத் துணி மேல் வைத்து லேசாக ஆவி காட்டியதும் சுருள் திரும்பி வந்தது. ஃபியூசிங் கோட்டாக இருந்திருந்தால் கொப்புளம் கட்டியிருக்கும்.

குழுப்படத்தைச் சபைக் கட்டடத்தின் வெளிச்சுவர் நிழலில் எடுத்தார்கள். போட்டோகிராபர் முதலில் எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்தினார். மணமகன் மறுத்து, பழைய படத்தில் யார் எங்கே நின்றார்களோ அதே இடத்தில் நிறுத்தினார். ஐந்து பேரும் ஐந்து விதமாக உடுத்தியிருந்தும் ஒரே கூட்டமாகத் தெரிந்தார்கள். படத்தைப் பழுப்பாக்கித் தரட்டுமா என்று போட்டோகிராபர் கேட்டார். வேண்டாம், கோட்டு நீலமாகவே தெரியட்டும் என்று ஆச்சிதான் முதலில் சொன்னார்.

அதன் பிறகு

செலவுக் கணக்கைப் பார்த்தால் மொத்தத்தில் பாதிக்கு மேல் மாப்பிள்ளையின் கோட்டுக்கும் பேண்டுக்கும் போனது. மீதியில் பெரிய பங்கு தசர் கோட்டுக்கு. திருத்திய பழைய கோட்டும் கதர் ஜிப்பாவும் சேர்ந்தும் சிறு தொகைதான். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி நல்ல சூட் தைத்திருந்தால் செலவு இரண்டு மடங்கைத் தொட்டிருக்கும், கல்யாணம் முடிந்ததும் நான்கு சூட் அலமாரியில் தொங்கியிருக்கும்.

இப்போது ஆசிரியர் தன் அப்பாவின் கோட்டைப் பள்ளி விழாக்களுக்குப் போடுகிறார், பேண்டோடு. ஜிப்பா வாரம் ஒரு தடவை வெளுப்புக்குப் போகிறது. மாப்பிள்ளை அந்த உயர்ந்த பேண்டை மட்டும் அளவு கொடுத்து இன்னொன்று பருத்தியில் தைத்துக்கொண்டார், அலுவலகத்துக்கு. நீலக் கோட்டின் பக்கத் தையல்களிலும் பேண்டின் பின் தையலிலும் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே மடித்து விட்டிருக்கிறோம், உடம்பு போட்டால் பிரித்துப் பெருக்கிக்கொள்ளலாம். அகலத் தோள் ஹேங்கரில், பருத்தி உறைக்குள், பிளாஸ்டிக் படாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் எடுத்து நிழலில் காற்றாட விடவேண்டும். டிரை கிளீனிங்குக்கு அடிக்கடி போடவேண்டாம், பிரஷ் போட்டுத் தூசி தட்டினால் போதும்.